நாய்க்குச் சோறு

தோட்டத்து மோட்டாரைச் செல்போனில் ஓட்டும் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அது நள்ளிரவில் உறைந்துபோனால் ஆஃப் பண்ணி ஆன் பண்ண அங்கே யார் இருக்கிறார்கள்?

வாட்ச்டாக் டைமர் இருக்கிறது.

சிப்புக்குள் ஓடும் தனிக் கடிகாரம் அது. நிரல் அவ்வப்போது அதைத் தட்டிவிட வேண்டும். நாய்க்குச் சோறு வைப்பது மாதிரி. தவறினால் சிப்பே ரீசெட். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரை அடிக்கடி ரீசெட் செய்ததும் இப்படியொரு காவல்தான்; அதற்குக் காரணமான பிழையைப் பூமியிலிருந்தே திருத்தினார்கள்.

சோறு வைக்கும் இடத்தில்தான் அனுபவம் தெரியும். புதியவர் டைமர் இன்டரப்டில் வைத்துவிடுவார். அது தனியாக ஓடுவதால், மெயின் லூப் செத்துக் கிடந்தாலும் நாய் நிம்மதியாகச் சாப்பிடும்! பழகியவர் சென்சார், மோடம், ரிலே மூன்றும் ‘இருக்கிறேன்’ என்ற பிறகே வைப்பார். ரீசெட்டின் காரணத்தையும் குறித்துவைத்து, சிக்னல் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பிவிடுவார்.