அயலான் யார்? - வேதநாயகம் பிள்ளையின் அன்புநெறி

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றவுடன் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமுமே நம் நினைவில் முதற்கண் எழுகின்றன. அவை சமயப் பெருமையை நேராகப் பாடும் காப்பியங்கள். ஆயினும், கிறித்தவர் ஒருவர் அன்றாட வாழ்வில் பிறரிடம் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்று அறிய விழைவோர், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826 - 1889) நூல்களை நாடுதல் நலம்.

அயலான் யாவன் என்று வினவிய ஒருவருக்கு இயேசு பெருமான் நல்ல சமாரியன் உவமையைக் கூறினார். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் சமயப் பணியாளர் இருவர் விலகிச் சென்றனர். வேற்றினத்தான் ஒருவனே அவன் காயத்தைக் கட்டினான். அன்பு செயலாதல் வேண்டும். அச்செயல் தன் கூட்டத்தின் எல்லையைக் கடத்தல் வேண்டும். இவ்விரண்டும் அவ்வுவமை நமக்குத் தரும் அளவுகோல்கள். அவற்றைக் கொண்டே வேதநாயகரை அளந்து பார்ப்போம்.

அவர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முனிசீபாகப் பணியாற்றியவர். 1805 முதல் 1861 வரையிலான உயர்மன்றத் தீர்ப்புகளை ஆங்கிலத்தினின்றும் தமிழாக்கி, 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். சட்டம் தன் மொழியில் இல்லாதவனுக்கு அது மூடிய கதவே அன்றோ? அக்கதவைத் திறந்ததும் ஓர் அன்புச் செயலே. 1859-இல் வந்த ‘நீதிநூ’லில் கைக்கூலியை அவர் கடிந்துரைக்கும் பகுதி, நீதிமன்றத்தை நாள்தோறும் கண்டவரின் குரலாகவே ஒலிக்கின்றது.

இனி, எல்லை கடத்தலைக் காண்போம். தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் (1879) ஆசிரியர் தம் சமயத்தைத் தலைமை மாந்தர்மீது ஏற்றவில்லை. பிரதாபனும் ஞானாம்பாளும் இந்துக்கள். அவர்தம் அறமோ எச்சமயத்தார்க்கும் பொதுவானது. செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்தில் தவறினால், ஆசிரியரின் பிள்ளை கனகசபை அடிபடுவதாக அதில் ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நகைச்சுவையாகத் தொடங்கும் அது, நம் தவறுக்கு வேறொருவர் வலி சுமக்கின்றார் என்னும் உண்மையை உள்ளத்தில் தைக்கின்றது. அன்பிற்கு இலக்கணம் வகுக்கும் பல செய்யுள்கள் செய்யாததை இச்சிறு காட்சி செய்துவிடுகின்றது. 1878-இல் வெளிவந்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்னும் நூற்பெயரே அவர்தம் உள்ளத்தைப் புலப்படுத்தும்.

எழுதியவர் அவ்வாறு வாழ்ந்தாரா? 1876 - 78-இல் தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் தம் பொருளை வழங்கிப் பசித்தோர்க்கு உதவினார். அக்கொடையைச் சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எனினும், குறையும் கூறுதல் திறனாய்வின் கடன். வேதநாயகரின் அறிவுரைகள் பல இடங்களில் கதையை நிறுத்திவைத்து நீள்கின்றன. அவர் காட்டும் இரக்கம் பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கி வருவது; உதவி பெறும் ஏழை தன் குரலில் பேசுவது அரிது. கொடுப்போரின் உயர்வு விளங்கும் அளவிற்குப் பெறுவோரின் மானம் விளங்கவில்லை. சமாரியனைப் பாடிய நாம், அடிபட்டவனின் நெஞ்சையும் எழுதவேண்டாவா? அப்பணி பின்வந்த எழுத்தாளர்க்கு எஞ்சிநின்றது.

ஆசிரியப் பெருமக்கள் நீதிநூலை மனப்பாடப் பகுதியாக மட்டும் நடத்திவிடுதல் போதாது. வகுப்பில் பிறர்க்காக அடிபடும் கனகசபை யார் என்று மாணவரைக் கேட்கட்டும். தன் அருகிலிருப்பவனை ஒரு மாணவன் திரும்பிப் பார்ப்பானாயின், வேதநாயகர் எழுதியதன் பயன் கைகூடியதாகும்.