தூங்கும் நேரத்தை ஷிப்ட் சொல்லட்டும்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் வந்தது. அன்றிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் பொழுதை வகுப்பது ஷிப்ட்தான். இப்படிப்பட்ட ஆலைகளின் லைன் ஓரத்தில், திரையும் கீபோர்டும் இல்லாத லினக்ஸ் கணினிக்கு நிறைய வேலை உண்டு: பார்கோடு லேபிளை பிரிண்டருக்கு அனுப்பும், சோதனைக் கருவியின் அளவுகளைப் பதியும். மின்சாரம் மிச்சமாகும் என்று அதைத் தானாகத் தூங்க விடுவது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு ‘சும்மா இருப்பது’ என்பதை மனிதக் கையின் அசைவை வைத்து அளக்கிறது. கையே படாத கணினிக்கு அந்த அளவுகோல் செல்லாது.

லினக்ஸின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், கணினி சும்மா இருக்கிறதா என்று கணிக்கும் லாஜின்ட் பார்ப்பது, உள்நுழைந்திருக்கும் பயனர்களின் செஷன்களை. பின்னணியில் சர்வீஸாக ஓடும் பதிவு நிரல், தூங்காதே என்று தானே தடை கேட்டு வாங்கினாலொழிய, அதன் கணக்கில் வராது. நிறுவியபடியே விட்டால் லாஜின்ட் சும்மா இருக்கும் கணினியை ஒன்றும் செய்வதில்லை. வினை பெரும்பாலும் க்னோம் திரைச்சூழலோடு வருகிறது. க்னோமின் லாகின் திரை தனிக் கணக்கில் ஓடுவது. பொறியாளர் தன் கணக்கில் ஸ்லீப்பை அணைத்துவிட்டு வெளியேறினாலும், அந்தத் திரை பதிப்பைப் பொறுத்து 15 அல்லது 20 நிமிடத்தில் கணினியைத் தூங்கவைத்துவிடக்கூடும். இரவு ஷிப்டில் லேபிள் நின்றால், தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச்சும் பதில் தராது, காரணம் காட்டத் திரையும் இல்லை. நெட்வொர்க் வழியே எழுப்ப வேக்-ஆன்-லேன் இருக்கிறதே என்பார்கள். அந்த எழுப்பும் செய்தி சாதாரணமாக ரூட்டரைத் தாண்டாது. லைன் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த இடத்தில், யாராவது நடந்து போய்ப் பவர் பட்டனை அழுத்த வேண்டியதுதான்.

அதனால்தான் சிஸ்டம்டியின் ஸ்லீப், சஸ்பெண்ட் டார்கெட்டுகளை மாஸ்க் செய்துவிடும், அதாவது இயங்கவே விடாமல் பூட்டிவிடும் வழக்கம் பரவியது. ஒரே கட்டளை, லாகின் திரை கேட்டாலும் சிஸ்டம்டி மறுத்துவிடும். லைன் கணினிக்கு இதுவே சரி. வேறுபாடு பாராமல் எல்லாக் கணினிக்கும் இதையே செய்வதுதான் குறை. 10 வாட் மினி கணினி மாதம் முழுக்க விழித்திருந்தால் 7.2 யூனிட், பெயின்ட் ஷாப் இழுக்கும் மின்சாரத்துக்கு முன் இது ஒரு பொருட்டா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 50 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்புகள் 100 இருந்தால் மாதம் 3,600 யூனிட். பயிற்சிக்கூடத்திலும் ஒரே ஷிப்ட் ஓடும் ஆய்வகத்திலும் அதில் பாதிக்கு மேல் வீண். உயரழுத்தத் தொழிற்சாலைகள் உச்சநேர மின்சாரத்துக்கு 25% கூடுதலாகக் கட்டும் மாநிலம் இது.

பயிற்சிக்கூடம், ஆய்வகம் போன்ற இடங்களில் ஆர்டிசிவேக் கருவியைக் கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் தூங்கி அடுத்த ஷிப்டுக்கு முன் எழும்படி வைக்கலாம். மெமரியில் தூங்கவைக்கும்போது அது கெர்னலிடம் நேரடியாகப் பேசுவதால் மாஸ்க் அதைத் தடுப்பதில்லை: லாகின் திரையால் தூங்கவைக்க முடியாது, திட்டமிட்ட தூக்கம் மட்டும் நடக்கும். திடீர் ஓவர்டைம் வந்தால் என்ன செய்வது? வலுவான ஆட்சேபம்தான். தூங்கும் முன் வேலை வரிசை காலியா, பதிவு நிரல் ஓய்ந்ததா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்க வேண்டும்; எழாமல் போனால் உற்பத்தி நிற்கும் கணினியை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. எந்தக் கணினி எந்தப் பட்டியல் என்பதை ஐடி பிரிவு தனியே முடிவு செய்யாமல், ஷிப்ட் சூப்பர்வைசரைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.