குறியிடு முறைகளும் நூற்பதிப்பும்

பழைய நூலொன்றைக் கணிப்பொறியில் ஏற்றுங்கால், எழுத்துகளை ஏற்றிய அளவிலேயே பணி முடிந்தது எனக் கருதுவார் பலர். அச்சிட்ட பதிப்பில் சிறிய எழுத்தால் அமைந்த வரி ஓரிடத்தில் துறைக் குறிப்பாக நிற்கும்; மற்றோரிடத்தில் பாடவேறுபாடாக நிற்கும். கற்போர் இடம் நோக்கி வேறுபாடு உணர்வர்; பொறிக்கு அவ்வுணர்வு இல்லை. ஆகவே ஒவ்வொரு பகுதியும் இன்னது எனப் பெயரிட்டுக் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறிக்கும் முறைகளுள் நம் பணிக்கு ஏற்றது யாது என ஈண்டு ஆராய்வாம்.

தோற்றத்தைக் குறித்தல் வேறு; பொருளைக் குறித்தல் வேறு. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு 1986-இல் உலகத் தரநெறியாக வெளிவந்தது எஸ்.ஜி.எம்.எல். அதனை எளிமையாக்கிய எக்ஸ்.எம்.எல். 1998-இல் தோன்றிற்று. இலக்கிய நூல்களையும் பிற பனுவல்களையும் குறித்தற்கென 1987-இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் முயற்சி, 1994-இல் முன்னதையும் 2002-இல் பின்னதையும் தழுவித் தன் நெறிகளை வகுத்தது. 2007-இல் அதன் ஐந்தாம் வடிவம் வெளிவந்தது.

புறநானூற்றை எடுத்துக்கொள்வோம். உ. வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த இந்நூலில் பாட்டு, திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர், முதல் 266 பாட்டுகளுக்குப் பழைய உரை, பாடவேறுபாடு எனப் பல கூறுகள் உள. ஒருமுறை ஏற்றிய மூலத்தினின்றே துறை அகராதியும் சொல்லடைவும் பாடவேறுபாட்டு அட்டவணையும் பெறல் இயலுமா என்பதே நாம் கொள்ளும் உரைகல்.

எச்.டி.எம்.எல். வலைப்பக்கத்திற்கு உரியது. தலைப்பும் பத்தியும் அதற்குத் தெரியும். துறையும் பாடவேறுபாடும் தெரியா. 2004-இல் தோன்றிய மார்க்டவுன் எழுதுதற்கு மிக எளிது. ஆயின் அவ்வெளிமையே அதன் எல்லையுமாகும். ஜேசன் பெயரும் மதிப்புமாகத் தரவை அடுக்குவது. பாடினோர் பட்டியலுக்கு அது சாலப் பொருந்தும். ஓடும் உரையின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டிக் குறிப்பிடுதற்கோ இடர்ப்படும். டி.இ.ஐ. முறையில் செய்யுளடிக்கும் பாடவேறுபாட்டிற்கும் சுவடிச் சான்றிற்கும் தனித்தனிக் குறிகள் உள. நம் உரைகல்லில் தேறுவது இதுவே.

எனினும் இதன்கண்ணும் ஒரு குறை உண்டு. எக்ஸ்.எம்.எல். மரம் போன்ற அமைப்புடையது. ஒன்றனுள் தொடங்கிய குறி அதனுள்ளேயே முடிதல் வேண்டும். தமிழ்ச் செய்யுளிலோ சீரும் சொல்லும் ஒருங்கே முடிவதில்லை. சொல் பிளந்து இரு சீர்களில் நிற்பதை வகையுளி என்றனர் யாப்பு நூலார். சீரைக் குறியிட்டால் சொல் சிதையும். சொல்லைக் குறியிட்டால் சீர் சிதையும்.

புணர்ச்சியில் இடர் மேலும் நுண்ணிது. நூல், ஆராய்ச்சி என்பன நூலாராய்ச்சி எனப் புணர்ந்தவழி, ‘லா’ என்னும் ஓரெழுத்தின் மெய் முன்சொல்லுக்கும் உயிர் பின்சொல்லுக்கும் உரியன. அவ்வெழுத்தின் நடுவே குறியிட்டால் எழுத்தே உடையும்.

இதற்கு டி.இ.ஐ. நெறிகள் வழிகள் சில காட்டும். சீரின் எல்லையில் வெற்றுக்குறி இடுதல் எளிது. ஆயின் சீர் ஓர் உறுப்பாக நில்லாது. சொல்லைத் துண்டாக்கித் துண்டுகளை இணைத்துக் காட்டலாம். அடைவு செய்வோர் மீண்டும் பொருத்துதல் வேண்டும். குறிப்புகளை மூலத்திற்குப் புறத்தே வைத்துச் சுட்டலாம். எழுத்தெண்ணிக்கையால் சுட்டினால், மூலத்தில் ஒரு திருத்தம் நேரினும் சுட்டுகள் தவறும்.

ஆதலின் நாம் பரிந்துரைப்பது இது: சீர் பிரித்த வடிவையும் சொல் பிரித்த வடிவையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொரு சீருக்கும் சொல்லுக்கும் மாறாத அடையாள எண் இட்டு, இரண்டையும் அவ்வெண்களால் இணைத்தல் வேண்டும். உழைப்பு இருமடங்காகும் என்பது மெய்யே. ஆயினும் யாப்பாய்வும் சொல்லாய்வும் ஒன்றையொன்று சிதைக்கா.

மூலத்தை டி.இ.ஐ. முறையில் காத்து, வலைப்பக்கத்தையும் ஜேசன் பட்டியலையும் அதனினின்று பிறப்பித்தலே முறை. மாறாகத் தோற்றத்தை மட்டும் ஏற்றி வைப்பின், வருங்கால ஆய்வாளர் ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க நேரும். சுவடி தேடி அலைந்து பாடம் கண்ட பதிப்பாசிரியர் உழைப்பை அங்ஙனம் பயனிழக்கச் செய்தல் தகாது.