டிபன்: சொற்பிறப்பும் பொருள் வரலாறும்

இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் நாடும் நூல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியாகும். தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றிய ஏ. சி. பர்னலும் ஹென்றி யூலும் இதனைத் தொகுத்தனர். பர்னல் 1882இல் மறைந்தபின் யூல் பணியை நிறைவு செய்ய, நூல் 1886இல் வெளிவந்தது. வில்லியம் குரூக்கின் பதிப்பு 1903இல் வந்தது. இவ்வகராதியின் வலிமையையும் எல்லையையும் ‘டிபன்’ என்னும் தலைச்சொல் ஒருங்கே காட்டுகிறது.

இச்சொல் அரபியிலிருந்து வந்தது என்பாரும் சீனத்திலிருந்து வந்தது என்பாரும் இருந்தனர். சான்று போதாமையால் தொகுப்பாளர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. பிரான்சிஸ் குரோசின் 1785ஆம் ஆண்டுக் கொச்சைச்சொல் அகராதியின் வழிவந்த தொகுப்பொன்றில் ‘டிஃபிங்’ என்னும் ஆங்கிலச் சொல் உள்ளது; உணவு வேளைக்குப் புறம்பாக உண்ணுதல் அல்லது குடித்தல் என்பது அதன் பொருள். இந்தப் பழைய ஆங்கிலப் பேச்சு வழக்கே இந்தியாவில் நிலைத்தது என்பது அவர்களின் முடிபு. ஒலியொப்புமையினும் வழக்குச் சான்றே வலிது என்னும் இந்நெறி இன்றும் போற்றத்தக்கது.

ஆயின் அகராதி தரும் பொருள் நண்பகல் உணவு என்பதாகும்; அதுவும் ஆங்கிலேயர் இல்ல வழக்கை முன்னிறுத்தியது. இந்திய மொழிகளில் இச்சொல் அடைந்த வாழ்வு வேறு. தமிழில் ‘டிபன்’ வேளையைக் குறிப்பதினும் உணவின் வகையையே குறிக்கிறது. இட்லி, தோசை, உப்புமா போன்றவை டிபன். சோறும் குழம்பும் சாப்பாடு. ‘காலை டிபன்’, ‘மாலை டிபன்’, ‘இரவு டிபன்’ என்பன இயல்பான தொடர்கள். ‘மதிய டிபன்’ என்பது அவற்றைப்போல இயல்பாக வழங்குவதில்லை. ஆங்கிலச் சொல் எந்த வேளைக்கு உரியதாக இருந்ததோ, அந்த வேளையே தமிழ் வழக்கிலிருந்து பெரிதும் விலகிவிட்டது.

ஐதராபாத்தில் இன்னொரு நிலை காணப்படுகிறது. அந்நகரின் ‘டிஃபின் சென்டர்’களில் விற்பனையாவனவும் இட்லி, தோசை, வடை, உப்புமா முதலியனவே. எனினும் தெலுங்கில் ஒருவரைக் காலையில் ‘டிஃபின் சேசாரா?’ என வினவினால், காலையுணவு உண்டாயிற்றா என்பதே கருத்து. இங்கு உணவு வகையோடு வேளைப்பொருளும் சேர்கிறது, அவ்வேளை காலையாகிறது.

தனிச்சொல் இழந்த நண்பகற்பொருளைத் தமிழில் கூட்டுச்சொற்கள் காத்து வருகின்றன. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் ‘டிபன் பாக்ஸ்’ பெரும்பாலும் சுமப்பது தயிர்சாதமோ புளிசாதமோ ஆகும். ‘டிபன் கேரியர்’ அடுக்குகளிலும் சோறும் குழம்புமே செல்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பதைத் தமிழர் டிபன் என்று சொல்வதில்லை. ஒரே மொழியில் ஒரே சொல்லின் இரு படிநிலைகள் அருகருகே வாழ்கின்றன.

மொழிபெயர்ப்பாளர் இடறுவது இவ்விடத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நினைவுக்குறிப்பில் விருந்தினர் ‘டிபனு’க்கு வந்தனர் என்றிருப்பின், அதனைச் ‘சிற்றுண்டி’ எனப் பெயர்ப்பது வேளையையும் உணவின் அளவையும் ஒருசேரத் திரிப்பதாகும். ‘பகலுணவு’ என்பதே பொருந்தும். மறுதலையாக, தமிழ்க் கதையின் மாலை டிபனை அதே ஆங்கிலச் சொல்லால் பெயர்த்துவிட்டு வாளாவிருந்தால், பழைய வழக்கறிந்த ஆங்கில வாசகர் நண்பகல் உணவென்றே கொள்வர். வடிவம் ஒன்றாயிருப்பதே இங்குத் தடையாகிறது.

தமக்குப் பின் வளர்ந்த வழக்குகளைப் பதியவில்லை என 1886ஆம் ஆண்டு நூலைக் குறைகூறுதல் முறையன்று. அந்நூல் கண்ட பிறப்பையே பொருளாகக் கொண்டு, அடுத்த நூற்றாண்டின் வழக்கை ஆராயாது விடுவதே குறை. இருமொழி அகராதிகள் இத்தகைய சொற்களுக்கு வேளை, உணவு வகை, கலம் என்னும் பொருட்கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வழங்கிடமும் காலமும் தருதல் வேண்டும். ‘ஆங்கிலக் கடன்சொல்’ என்னும் ஒற்றைக் குறிப்பு மொழிபெயர்ப்பாளருக்குப் போதுமானதன்று.