கோவூர்கிழாரின் இரு பாட்டும் மேற்காசியத்தின் சமரசமும்

போரைப் பாடிய இலக்கியமாகவே புறநானூறு பலராலும் அறியப்படுகிறது. போரைத் தடுக்க முயன்றவர்களின் குரலும் அந்நூலுள் உண்டு என்பது வகுப்பறைகளில் போதிய அளவு எடுத்துரைக்கப்படுவதில்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை மாணவர் அறிவர். சோழர் குடியில் பிறந்த இருவருக்கிடையே சந்து செய்விக்க முயன்ற கோவூர்கிழாரை அறிந்தவர் சிலரே.

தூதும் சந்தும் ஒன்றல்ல. வள்ளுவர் 'தூது' என்னும் அதிகாரத்தில் காட்டுபவன் ஓர் அரசனுக்கு உரியவன். அன்பும் அறிவும் ஆராய்ந்த சொல்வன்மையும் அவனிடம் இருக்க வேண்டும். ஆயினும் அவன் நாடுவது தன் வேந்தனின் நன்மையையே. சந்து செய்விப்பவன் நிலை வேறு. இரு பக்கத்தாரும் கேட்கத்தக்க சொல்லை அவன் சொல்லியாக வேண்டும். இஸ்ரவேலருக்கும் அரபியருக்கும் இடையே 1948 முதல் நடந்துவரும் சமரச முயற்சிகளை ஆராய்பவருக்கு இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும்.

புறநானூற்று 44ஆம் பாட்டின் களம் ஆவூர். நலங்கிள்ளி வெளியே முற்றியிருக்கிறான். நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்திருக்கிறான். கோவூர்கிழார் அடைத்திருப்பவனை நோக்கிப் பேசுகிறார். கட்டுத்தறியில் வருந்தும் யானைகளையும், பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவற்ற கூந்தலை முடிந்திருக்கும் மகளிரையும், நீரின்றி வீடுகளில் எழும் ஓலத்தையும் அவன்முன் நிறுத்துகிறார். அறத்தை விரும்பினால் 'இது உனது' என்று கதவைத் திற. மறத்தை விரும்பினால் போரிடத் திற. இரண்டும் இன்றி மதிலுக்குள் ஒடுங்கியிருப்பது நாணத்தக்கது என்பதே பாட்டின் கருத்து.

அடுத்த பாட்டின் களம் உறையூர். இங்கே அவர் இருவரையும் நோக்கிப் பேசுகிறார். இவன் சூடியது பனையன்று, வேம்பன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே. இருவரும் வெல்வது இயற்கையன்று. இப்போர் பிற வேந்தருக்கே உவகை தரும் என்கிறார். கோவூர்கிழார் நலங்கிள்ளியைப் பல பாட்டுகளில் புகழ்ந்தவர். அத்தகைய புலவர் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியது எளிய செயலன்று. சமரசம் செய்பவர் எப்பக்கமும் சாராதவராக இருப்பது அரிது. சார்பு உடையவரும் நடுவுநிலையில் நின்று பேச முடியும் என்பதற்கு இப்பாட்டே சான்று.

இரண்டாம் பாட்டையே அறிஞர் பெரிதும் போற்றுவர். அதன் தருக்கம் கூர்மையானது, சொற்சுருக்கம் வியக்கத்தக்கது. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒரு குறை புலப்படும். முதற்பாட்டில் இருந்த குழந்தையும் தாயும் இரண்டாம் பாட்டில் இல்லை. அங்கே கண்ணியும் குடியும் வேந்தரின் மானமுமே பேசப்படுகின்றன. மதிலுக்குள் நீரின்றித் தவித்தவர் கணக்கில் வரவில்லை.

இம்முயற்சியின் முடிவை நெடுங்கிள்ளிக்கு வழங்கும் அடைமொழி உணர்த்துகிறது: 'காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி'. அவன் வாழ்வு பகையிலேயே முடிந்தது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கருதி அவன் கொல்ல முற்பட்டதையும், கோவூர்கிழார் பாடி அப்புலவனைக் காத்ததையும் 47ஆம் பாட்டு காட்டுகிறது. ஐயம் நிறைந்த நிலத்தில் நல்ல சொல்லும் எளிதில் வேரூன்றுவதில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டு மேற்காசியத்தை நோக்கலாம். ஐக்கிய நாட்டு மன்றத்தின் நடுவராகச் சென்ற பெர்னடோட் 1948 செப்டம்பர் 17இல் ஜெருசலத்தில் கொல்லப்பட்டார். அவர் பணியைத் தொடர்ந்த ரால்ப் பஞ்ச் 1949இல் எகிப்து, லெபனான், ஜோர்தான், சிரியா ஆகிய நான்கு நாடுகளோடும் இஸ்ரவேல் போர்நிறுத்தம் செய்துகொள்ள வழிவகுத்தார். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். உடன்பாட்டில் ஒப்பமிட்டவை அரசுகள். வீடிழந்து வெளியேறிய 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனியருக்கு அம்மேசையில் இடமில்லை.

1967 நவம்பர் 22இல் பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம் சொல்லாராய்ச்சிக்கு உரியது. இஸ்ரவேல் படைகள் விலக வேண்டிய நிலப்பகுதிகளைக் குறிக்குமிடத்தில் ஆங்கில மூலத்தில் சுட்டிடைச்சொல் இல்லை. பிரெஞ்சு மூலத்தில் உண்டு. 'சில பகுதிகள்' என்றும் 'எல்லாப் பகுதிகளும்' என்றும் அவரவர் பொருள்கொள்ள இது வழிவிட்டது. ஓர் இடைச்சொல் நாடுகளின் எல்லையைத் தொடும் என்பதற்கு இலக்கண ஆசிரியர் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. அதனினும் பெரிய குறை மற்றொன்று. அகதிகள் சிக்கலுக்கு நியாயமான தீர்வு வேண்டும் என்று கூறும் அத்தீர்மானம், பாலஸ்தீனியர் என்னும் பெயரை ஓரிடத்தும் சொல்லவில்லை.

1977 நவம்பரில் எகிப்தின் அதிபர் சதாத் ஜெருசலம் சென்றார். 1978 செப்டம்பரில் காம்ப் டேவிட்டில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் முன்னிலையில் சதாத்தும் பெகினும் 13 நாள் கூடிப் பேசினர். அங்கே இரண்டு வரைவுகள் உருவாயின. எகிப்தையும் இஸ்ரவேலையும் பற்றிய வரைவு 1979 மார்ச் 26இல் உடன்படிக்கையாயிற்று. 1982 ஏப்ரலில் சினாய் எகிப்திடம் திரும்பியது. மேற்குக் கரை, காஸா மக்களின் தன்னாட்சி பற்றிய வரைவோ ஏட்டளவிலேயே நின்றது. அம்மக்களின் பேராளர் எவரும் அங்கே அழைக்கப்படவில்லை.

நிலத்தில் வாழ்பவரைக் கேளாமல் நிலத்தைப் பற்றிச் செய்யப்படும் ஒப்பந்தம் எத்தகையது என்பதை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த மாணவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நெகிரி செம்பிலானும் அதற்கு விலக்கன்று. விற்றவரும் வாங்கியவரும் ஒப்பமிட்டனர். சட்டப்படி குறையொன்றும் இல்லை. தலைமுறையாக லயத்தில் குடியிருந்து பால்வெட்டியவர் அப்பத்திரத்தில் இடம்பெறவில்லை. வேலையோடு வீட்டையும் இழந்தபின்னரே பலருக்கு விற்பனைச் செய்தி முழுமையாக விளங்கிற்று. உங்கு அஜீஸ் இச்சிக்கலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. கேளாமல் விடப்பட்டவர் தம் பெயரைத் தாமே பத்திரத்தில் எழுதிக்கொண்ட முயற்சி அது.

தோட்டத் துண்டாடலும் மேற்காசியப் போரும் அளவால் ஒப்பாகா. அங்கே இரு மக்களும் நெடுங்காலத் துயரையும் அச்சத்தையும் சுமப்பவர்; ஐரோப்பாவில் இனப்படுகொலைக்கு ஆளான யூதரின் நினைவும், ஊரிழந்த பாலஸ்தீனியரின் நினைவும் ஒன்றையொன்று அழிக்கமாட்டா. ஒப்புமை ஒரு கூற்றில் மட்டுமே: வாழ்பவர் பெயரில்லாத பத்திரம் வாழ்பவரைக் காப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. முதலில் வேந்தர் இணங்கினால்தான் படை நிற்கும். அனைவரையும் அழைத்துப் பேசத் தொடங்கினால் பேச்சே முடியாது என்பர். இது தள்ளத்தக்கதன்று. 1979க்குப் பின்னர் எகிப்தும் இஸ்ரவேலும் போரிட்டதில்லை. காக்கப்பட்ட உயிர்கள் பல. 1993இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தையே ஒரு பக்கமாக ஏற்றுச் செய்த ஒஸ்லோ உடன்பாடும் முழு வெற்றி பெறவில்லை. அதில் ஜெருசலம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகிய அரும்பொருள்கள் பின்னாளுக்கு ஒத்திவைக்கப்பட்டன. அமைதிக்குத் துணிந்த சதாத் 1981இலும், ராபின் 1995இலும் தத்தம் நாட்டவராலேயே கொல்லப்பட்டனர். ஆகவே, மக்கள் பெயரைச் சொல்வது மட்டும் போதாது. அவர்களுடைய வீடு, நீர், அச்சம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களையும் தள்ளிவைத்தல் ஆகாது. 2020இல் இஸ்ரவேலோடு ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் செய்த உடன்பாடுகள் அரசுகளை இணைத்தன. 2023 அக்டோபர் 7இல் இஸ்ரவேலில் நிகழ்ந்த கொலைகளும், அதனைத் தொடர்ந்து காஸாவில் நேர்ந்த பேரழிவும், தீர்க்கப்படாத பழைய வினா எங்கே கிடந்தது என்பதைக் காட்டின.

கோவூர்கிழாரின் பெருமை இதனால் குறைவதன்று. இருவருக்கும் பொதுவான உண்மையை இருவர் முகத்துக்கும் நேரே சொல்லும் துணிவை 45ஆம் பாட்டு கற்பிக்கிறது. எவருக்காக அத்துணிவு வேண்டும் என்பதை 44ஆம் பாட்டு கற்பிக்கிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிப்பது சந்தின் பாதியைப் படிப்பதாகும். வகுப்பில் இவ்விரு பாட்டையும் ஒருசேர எடுத்து, ஆத்திக் கண்ணியைப் பற்றிக் கேட்பதற்கு முன், பாலின்றி அழுத குழந்தை எந்தப் பாட்டில் இருக்கிறது, எந்தப் பாட்டில் இல்லை என்று மாணவரிடம் ஆசிரியர் கேட்டால், நாளிதழில் வரும் அடுத்த உடன்பாட்டையும் அவர்கள் அவ்வாறே படிப்பர்.