சின்னாவை மறந்த வகுப்பறை

கைதட்டல் கூரையை அதிரச் செய்தது. சீசரின் உடலருகே நின்று ஆண்டனி ஆற்றும் உரையை, ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்து முடித்த மாணவன், பெருமிதத்தோடு தலை தாழ்த்தினான். மாணவர் தட்டினர், நானும் தட்டினேன். ஆசிரியப் பணியில் அடியெடுத்து வைத்த முதல் ஆண்டு அது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தைக் கற்பித்துவிட்டேன் என்ற களிப்பு எனக்கு!

மறுநாள் மாணவனொருவன் எழுந்தான். "ஐயா, இந்தப் பேச்சைக் கேட்ட மக்கள் அடுத்து என்ன செய்தார்கள்?" என்றான். நான் விழித்தேன். அடுத்து வரும் சிறு காட்சியை, 'தேர்வுக்கு வராது' என்று தாண்டிச் சென்றவனல்லவா நான்? கல்லூரியிலும் கண்ணோட்டமாகக் கடந்த அக்காட்சியை, அன்றிரவுதான் கருத்தூன்றிப் படித்தேன்.

சின்னா என்றொரு கவிஞன் தெருவில் வருகிறான். வெறிகொண்ட கூட்டம் அவனை மறித்துப் பெயர் கேட்கிறது. சொல்கிறான். சீசரைக் கொன்றோருள் ஒருவனுக்கும் அதே பெயர்! 'நான் அவனல்லன், கவிஞன்' என்று கதறுகிறான். அப்படியானால் இவனுடைய மோசமான பாட்டுக்காகக் கொல்வோம் என்கிறான் ஒருவன். குற்றமற்றவன் மாய்கிறான். நாங்கள் கைதட்டி மகிழ்ந்த பேச்சு ஈன்றெடுத்த முதற் குழந்தை, இந்தக் கொலை!

நாடகத்தைக் கற்பிக்குமுன் நாம் செய்யும் முன்னேற்பாடு யாது? ஷேக்ஸ்பியர் பிறந்தது 1564, மறைந்தது 1616. பிறகு கதைச் சுருக்கம். பிறகு பண்புப் பட்டியல்: புரூட்டஸ் உத்தமன், காஷியஸ் பொறாமைக்காரன், ஆண்டனி நாவலன். பிறகு மனப்பாடத்துக்கான மேற்கோள்கள். இத்தனையும் ஊட்டிய பின் மாணவன் எதைக் கேட்பான்? எதை ஐயுறுவான்? விதைக்குமுன்பே விளைச்சலை அளந்து கொடுத்துவிட்டு, உழவு கற்றுத் தந்தோம் என்று உரைப்பது அறிவுடைமையாகுமா?

முன்னேற்பாடு வேண்டும். ஆனால் அது விடைகளைத் திணிப்பதாக இருத்தலாகாது. வினாக்களைக் கிளறுவதாக இருத்தல் வேண்டும்.

முதலில் காலத்தைக் காட்டுவோம். ஆண்டு 1599. இங்கிலாந்தின் அரசி எலிசபெத், அந்தச் செப்டம்பரில் 66 வயதை எட்டினார். மகவில்லை, அடுத்த உரிமையாளர் இன்னாரென அறிவிக்கவுமில்லை. அரியணை அடுத்து யாருக்கு என்று வெளிப்படையாக வாதிடுவதே ஆபத்து. மேடையேறும் நாடகம் ஒவ்வொன்றும் அரசவை அதிகாரியின் இசைவு பெற்றாக வேண்டும். அவ்வாண்டு ஜூனில், சமயத் தலைவர்களின் ஆணையால், அங்கத நூல்கள் நெருப்பிலிடப்பட்டன. அத்தகைய நாளில், ஆள்வோனைக் குத்திக் கொல்லும் காட்சியை மேடையேற்றுவது எத்துணைத் துணிவு! புளூட்டார்க் எழுதி, தாமஸ் நார்த் 1579-இல் ஆங்கிலத்தில் தந்த வரலாற்று நூலிலிருந்து ரோமாபுரிக் கதையை எடுத்தார் ஷேக்ஸ்பியர். பழைய ரோமைக் காட்டித் தம் காலத்து மக்களைச் சிந்திக்க வைத்தார்.

அடுத்து, அரங்கைக் காட்டுவோம். அதே 1599 செப்டம்பர் 21 அன்று, தேம்ஸ் ஆற்றைக் கடந்து சென்று, கூரை வேய்ந்த அரங்கொன்றில் சீசரின் நாடகத்தைக் கண்டதாகக் குறித்துள்ளார் சுவிட்சர்லாந்துப் பயணி தாமஸ் பிளாட்டர். அது குளோப் அரங்கமே என்பர் ஆய்வாளர். பட்டப்பகலில், திறந்த முற்றத்தில், ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டே பார்த்தனர் எளிய மக்கள். நடிகர் சிலரே, முற்றத்தில் நின்றவர் பலர். ஆண்டனி யாரை நோக்கிப் பேசினான்? லண்டன் மக்களே ரோமாபுரிக் கூட்டமாயினர்!

ஆகவே, நம் மாணவரும் கூட்டமாக நிற்கட்டும். கதையைச் சொல்லாமலே இரண்டு உரைகளையும் கேட்கட்டும். அருஞ்சொற் பட்டியல் பிறகு வரலாம். முதலில் உரைகளின் கருத்தைத் தமிழில் நாமே பேசிக் காட்டுவோம். புரூட்டஸ் உரைநடையில் பேசுகிறான், காரணம் அடுக்குகிறான். 'ஏற்பவர் கை தூக்குக' என்போம். ஆண்டனி செய்யுளில் பேசுகிறான், கண்ணீர் வடிக்கிறான். மீண்டும் கை தூக்கச் சொல்வோம். தூக்கிய கைகளைக் கரும்பலகையில் எண்ணி எழுதுவோம். அதன் பின்னரே நூலைத் திறப்போம்.

திறந்ததும் எத்தனை வினாக்கள் எழும்! முடியாட்சி வரலாகாதென்று சீசரைக் கொன்ற புரூட்டஸையே சீசராக்கு என்கிறதே கூட்டம், அவன் உரையில் அது எதைத்தான் புரிந்துகொண்டது? பகைவரைப் புகழும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறி, அதையே வசையாக மாற்றுகிறானே ஆண்டனி, எந்த இடத்தில் மாறிற்று? அங்கியின் எந்தக் கிழிசல் எவன் கத்தியால் விழுந்தது என்று சுட்டிக் காட்டுகிறானே. குத்து விழுந்த வேளையில் அவனை அப்புறம் அழைத்துப் போயிருந்தார்களே, எப்படி அறிந்தான்? குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா என்று சீசரின் உயிலைப் படித்து உருக்கியவன், நான்காம் அங்கத்தின் தொடக்கத்திலேயே, அந்த உயிலின் செலவைக் குறைக்க வழி தேடுகிறானே, ஏன்?

'ஷேக்ஸ்பியர் பாமரரை இழிவுபடுத்துகிறார்' என்பாரும் உளர். அவர்கள் இரண்டாம் அங்கத்தைப் புரட்டட்டும். மக்கள் எழுதியவை போலப் பொய்க் கடிதங்களை வீட்டில் வீசச் செய்கிறான் காஷியஸ். கற்றறிந்த புரூட்டஸ் அதை அப்படியே நம்புகிறான்! பாமரரை ஏமாற்றப் பெரும் பேச்சு தேவைப்பட்டது. படித்தவரை ஏமாற்ற ஒரு துண்டுத்தாளே போதுமானதாயிற்று. இகழ்ச்சி எவருக்கு?

1937-இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் இந்நாடகத்தை, ஐரோப்பாவின் பாசிச உடை அணிவித்து மேடையேற்றினார். உச்சக் காட்சியாக அவர் உருவாக்கியது சின்னாவின் கொலையைத்தான். முசோலினியும் இட்லரும் மேடையதிர முழங்கிய ஆண்டில், அதன் பொருளை விளக்க உரையாசிரியர் எவரும் தேவைப்படவில்லை.

இரண்டாம் ஆண்டு, இம்முறைப்படி நடத்தினேன். முதல் உரைக்கு உயர்ந்த கைகளுள் பெரும்பாலானவை இரண்டாம் உரைக்கும் உயர்ந்தன. பிறகு சின்னாவின் காட்சியைப் படித்தேன். கைதட்டல் இல்லை. முன் வரிசை மாணவன் ஒருவன், மெல்லக் கேட்டான்: "ஐயா, நாங்களும்தானே கை தூக்கினோம்?"

ஆசிரியத் தோழர்களே! தேர்வுத்தாளில் இந்தக் கேள்வி வராது. மதிப்பெண்ணும் இதற்கில்லை. ஆனால் நாளை இவர்கள் நிற்கப்போகும் கூட்டங்களில், மேடையைப் பார்த்துக் கை தூக்குமுன் ஒரு கணம் தயங்க வேண்டுமானால், இன்று வகுப்பில் இந்தக் கேள்வி பிறந்தாக வேண்டும். சின்னாவைத் தாண்டிச் செல்லாதீர்!