அரையா, முக்காலியா?

சேதன உலோக இரசாயனத்தில் 'அரைச் சான்விச்சுச் சேர்வை' என்றொரு வகுப்பு உண்டு. ஆங்கிலப் பெயரை அவ்வாறே எழுத்துப்பெயர்த்து வழங்குகின்றோம். மலையகப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு இப்புதிய துறையில் பெயரொன்றே முதற் கைப்பிடி. அப்பெயர் அவனுக்குத் துணை செய்கின்றதா, இடர் செய்கின்றதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பெரோசீன் என்னும் இரும்புச் சேர்வை 1951 இல் அறிவிக்கப்பட்டது. ஐங்காபன் வளையங்கள் இரண்டின் நடுவே இரும்பணு அமர்ந்திருத்தல் அடுத்த ஆண்டிற் புலனாயிற்று. அவ்வமைப்பிற்குச் சான்விச்சு என்ற பெயர் பொருந்துவதே. இத்துறையில் உழைத்த பிஷரும் வில்கின்சனும் 1973 இல் நோபெற் பரிசு பெற்றனர். ஒருபுறம் வளையமும் மறுபுறம் காபனோரொட்சைட்டு முதலியனவும் உலோகத்தோடு பிணைந்த சேர்வைகளை 'அரை' என்றனர். குற்றம் இங்கேதான் தொடங்குகின்றது.

அரை என்றதும் மாணவன் குறையொன்றை எண்ணுகின்றான்; மேற்றுண்டு இழந்த சான்விச்சுப்போல் இச்சேர்வை நிலையற்றதென்று முடிவு செய்கின்றான். (நானுஓயாவில் ரொட்டியும் சம்பலும் உண்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒற்றை ரொட்டியே முழு உணவு என்பது வேறு செய்தி!) பெரோசீனில் இரும்பின் 8 இலத்திரன்களும், வளையத்திற்கு ஐந்தாக 10 உம் சேர்ந்து 18 ஆகும். ஒரு வளையமும் மூன்று காபனோரொட்சைட்டும் கொண்ட மங்கனீசுச் சேர்வையிலோ 7, 5, 6 எனக் கூட்டினும் அதே 18 தான். இதில் அரை எங்கே உளது?

ஆங்கில நூல்களிலேயே 'பியானோ இருக்கை' என்ற மாற்றுப்பெயரும் உண்டு. வளையம் இருக்கைப் பலகை, காபனோரொட்சைட்டுகள் கால்கள். பியானோவை விட்டொழித்தால் முக்காலி என்னும் நம் சொல் ஆயத்தமாக நிற்கின்றது. அதனை ஏற்பின் கால்களை எண்ணும் பழக்கமும் உடன்வரும். ஐங்காபன் வளையம் ஒன்றைத் தாங்கும் கோபாற்றுக்கு 9 இலத்திரன்கள், இரண்டு கால்கள். மங்கனீசுக்கு 7, மூன்று கால்கள். வனேடியத்திற்கு 5, நான்கு கால்கள். உலோகத்தில் இரண்டு குறைய ஒரு கால் கூடுகின்றது. இவ்வழகிய கணக்கை 'அரை' என்னும் சொல் முற்றும் மறைத்துவிடுகின்றது.

நான்கு காலுடையதை நாற்காலி என்னலாமோ எனின், ஆகாது. சைக்கிளோஎக்சேனின் நாற்காலி வடிவத்தோடு மயங்கும். 'நாற்காற் சேர்வை' என்பதே தகும்.

முக்காலி என்னும் உவமைக்கும் எல்லையுண்டு. மரக்கால்கள் பலகையைத் தாங்குவதோடு அமையும். இங்கோ உலோகமும் கால்களும் பலகையின் இலத்திரன்களைத் தம்பால் ஈர்க்கின்றன. பிஷரும் ஓபெலேயும் 1957 இல் அறிவித்த பென்சீன்–குரோமியச் சேர்வையின் இனத்தில் இது நன்கு விளங்கும். குளோரோபென்சீனின் குளோரினை மெதொட்சைட்டு என்னும் கருநாடியால் எளிதிற் பெயர்க்கவியலாது. அவ்வளையம் குரோமிய முக்காலியிற் பலகையானதும் குளோரின் இலேசாகப் பெயர்கின்றது. பென்சோயிக் அமிலமும் அவ்வாறு பிணைந்தபின் முன்னிலும் வலிய அமிலமாகின்றது.